பிரிக்காத பொட்டலம்

1

ஊரிலிருந்து தொலைபேசியில் பேசுகிறவர்கள் என்னிடம் மூன்றே கேள்விகள்தான் கேட்கிறார்கள். அங்கே குளிரா, அங்கே அரிசி கிடைக்கிறதா, அங்கே சௌக்கியமா. முதல் இரண்டுக்கும் விவரமாகப் பதில் சொல்லிவிடுவேன். மூன்றாவதற்கு மட்டும் "இருக்கறனுங்க" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அவர்களும் அதற்கு மேல் கேட்பதில்லை. நாகரிகம் தெரிந்தவர்கள்.

நான் எருத்தேன்பதிக்காரன். பாலக்காட்டுப் பக்கம் சித்தூர் தாலூக்காவில் அரசுப் பள்ளிகளில் தமிழ் வழிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். இப்போது நியூசிலாந்தில், வைகாட்டோ என்கிற பால்மாட்டுச் சீமையில், மகன் பிரபுவின் வீட்டுக்குப் பின்னால் கட்டிய இரண்டு அறைகளில் மனைவி மயிலாத்தாளுடன் இருக்கிறேன். வந்து ஒன்பது ஆண்டுகள் அண்மையில் நிறைந்தன. யாரும் கொண்டாடவில்லை. நானும் மயிலாத்தாளிடம் சொல்லவில்லை. அந்த வாரத்தில்தான் ஜூடி அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

ஜூடி எங்கள் ஊர்ச் சமூகக்கூடத்தில் புதன்கிழமைகளில் கிழவன் கிழவிகளைக் கூட்டி வைத்துத் தேநீர் கொடுக்கிற பெண்மணி. நல்லவள். பேச்சு ஓய்ந்தால் பொறுக்காது. "நிறைவான, மகிழ்ச்சியான வாழ்க்கைக்கு என்ன வேண்டும்? ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள்" என்றாள். அறையில் பத்தொன்பது முதியவர்கள் இருந்தோம். பேரப்பிள்ளைகள் என்றவர்கள் ஐந்து பேர். தோட்டம் என்று நான்கு பேர். நாய் என்று மூன்று பேர். மீன்பிடித்தல் இரண்டு, கடவுள் இரண்டு. ஒருவர் மட்டும் "நல்ல முழங்கால்" என்றார். அவருக்குத்தான் கைதட்டல் அதிகம். என் முறை வந்தபோது நான் யோசித்து வைத்திருந்த ஆங்கில வாக்கியம் காணாமல் போய்விட்டது. "மை வைஃப்" என்றேன்.

ஜூடி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். எல்லோரும் மயிலாத்தாளைப் பார்த்து முகம் மலர்ந்தார்கள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. சேலைக்கு மேல் ஸ்வெட்டரும் அதற்கு மேல் மருமகளின் பழைய கோட்டும் போட்டுக்கொண்டு, மடியில் பிஸ்கட் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். எதற்கென்று தெரியாமல் அவளும் சிரித்து வைத்தாள். பத்தொன்பதாவது ஆள் அவள்தான். ஜூடி அவளிடம் கேட்கவில்லை. நான் மொழிபெயர்த்துக் கேட்டிருக்கலாம். நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் கேட்டாள்.

"ஏனுங்க, நீங்க என்னமோ சொன்னதுக்கு எல்லாரும் என்னயப் பாத்துப் பல்லக் காட்டுனாங்களே, என்ன சொன்னீங்க?"

"நல்ல சாப்பாடு வேணும்னேன்."

"அதுக்கு எதுக்கு அந்தம்மா நெஞ்சப் புடிச்சுக்கறா?"

"நீதான சமைக்கறே. அதச் சொன்னேன்."

"உப்பில்லாம, புளியில்லாம, தேங்காயில்லாம நான் ஆக்கிப் போடற சோத்துக்கா? பாவம், நெம்ப எளகுன மனசு அந்தம்மாவுக்கு."

2

என் சாப்பாட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். இங்கே வந்த மூன்றாம் ஆண்டில் என் சிறுநீரகங்கள் இரண்டும் ஓய்வு பெற்றுவிட்டன. பொட்டாசியம் என்ற ஒரு பொருள் உடம்பில் ஏறக் கூடாது என்று ஒரு பெண் பட்டியல் வாசித்தாள். இளநீர், தேங்காய், வாழைப்பழம், மாம்பழம், தக்காளி, முருங்கைக்கீரை, நிலக்கடலை. எருத்தேன்பதியில் விளைகிறது எல்லாம் எனக்கு விஷம் என்பதை அவள் அந்த ஊரைப் பார்க்காமலேயே கண்டுபிடித்திருந்தாள். தண்ணீரும் நாளுக்கு ஒரு லிட்டர்தான், குழம்பு மோர் எல்லாம் சேர்த்து. ஆழியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கவில்லை என்று தாலூக் ஆபீசுக்கு அபேட்சை என்று மனு எழுதி எழுதியே பாதி ஆயுளைக் கழித்த குடும்பம் எங்களுடையது. இப்போது திறந்தால் கொட்டுகிற குழாய்க்கு முன்னால் அளவுக் குவளையோடு நிற்கிறேன்.

ரத்தத்தைச் சுத்தம் செய்வதற்கு வீட்டிலேயே ஒரு இயந்திரம் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். வாரத்தில் மூன்று முறை. ஆஸ்பத்திரி வெகுதூரம், மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள், வீட்டில் ஒருவர் பழகிக்கொண்டால் வசதி என்றார்கள். மயிலாத்தாள் பழகிக்கொண்டாள். சொல்லிக்கொடுத்த நர்சுக்கு ஒரு தமிழ்ச் சொல் தெரியாது, இவளுக்கு ஓர் ஆங்கிலச் சொல் தெரியாது. இருவரும் கையையும் கண்ணையும் வைத்துப் பேசிக்கொண்டார்கள். என் இடக்கையில் ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்த இடம் ஒன்று உண்டு. விரல் வைத்தால் பூனை உறுமுவதுபோல் அதிரும். அதிர்வு நின்றால் ஆபத்து. தினமும் காலையில் எழுந்ததும், நான் இன்னும் கண் திறக்காதபோதே, அவள் விரல் அங்கே வந்து நிற்கும். உறுமல் தட்டுப்பட்டதும் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். கன்று போட்ட மாட்டின் மடியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி.

ஊசி குத்துவதும் அவள்தான். பெரிய ஊசிகள், இரண்டு. அவள் குத்தினால் எனக்கு வலி குறைவு. நர்ஸ் குத்தினால் கத்துவேன்.

ஆண்டுக்கு ஒருமுறை நான் உயிரோடிருக்கிறேன் என்று ஊர் ட்ரஷரிக்குச் சான்றிதழ் அனுப்ப வேண்டும், இல்லையென்றால் பென்ஷன் நின்றுவிடும். அதற்கு இங்கே ஒரு அதிகாரியிடம் போய் நிற்பேன். அவர் என்னையும் பாஸ்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்து, உயிர் இருப்பதை உறுதி செய்து முத்திரை வைப்பார். அந்த உயிர் யார் கையில் இருக்கிறது என்று ட்ரஷரி கேட்பதில்லை.

3

எங்கள் வேலிக்கு அப்பால் ஒரு பால்பண்ணை. நானூற்றுப் பன்னிரண்டு மாடுகள் என்றார் பண்ணைக்காரர். நான் எண்ணிப் பார்த்தபோது நானூற்று ஒன்பதுதான் வந்தது. மூன்று மாடுகளை அவர் எங்கே வைத்திருக்கிறார் என்று தெரியவில்லை. பிற்பகலில் அவை வரிசையாகக் கறவைக் கொட்டகைக்கு நடக்கும். மயிலாத்தாள் வேலியோரமாகப் போய் நிற்பாள். சில மாடுகள் வரிசையை விட்டு வந்து அவளை முகர்ந்து பார்க்கும்.

"ஒண்ணுக்காச்சும் பேரு வெச்சிருக்கறாங்களா பாருங்க. காதுல நம்பர மாட்டி உட்டிருக்கறாங்க. உங்களுக்குன்னே படைச்ச ஊருங்க இது" என்பாள்.

இன்னொரு நாள் சொன்னாள்: "மாட்டுப் பாலைக் கறக்கறதும் மிஷினு, உங்க ரத்தத்தக் கறக்கறதும் மிஷினு. நான் ஒருத்திதான் இந்த ஊருல கையை வெச்சுக்கிட்டு நிக்கறேன்."

அவள் வேலியோரம் நிற்கிற நேரத்தில்தான் எங்கள் ஊர்ப்பக்கத்து மீனாட்சிபுரத்தில் பொழுது விடிந்து அவள் தங்கை ருக்குமணி சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்து வீடியோவில் கூப்பிடுவாள். ருக்குமணி கணவனை இழந்தவள். மகள்கள் திருப்பூரிலும் பெங்களூரிலும். தோப்புக்கு நடுவில் களத்தில் தனியாக இருக்கிறாள். தோட்டத்து வீட்டை நாங்கள் களம் என்போம். மூன்று கறவை மாடுகள். அக்காளும் தங்கையும் பேசுவதில் முக்கால் பங்கு அந்த மூன்றைப் பற்றித்தான்.

"செவலை ஒதைச்சுப் போட்டாக்கா. மொழங்கை வீங்கிக் கெடக்குது."

"நீ பச்சத்தண்ணிய ஊத்தி மடியக் கழுவியிருப்பே. உன்னய ஒதைக்காம என்ன பண்ணும்? திருப்பு, போனைத் திருப்பு, அது மூஞ்சியக் காட்டு."

ருக்குமணி போனைத் திருப்புவாள். செவலை அசை போட்டுக்கொண்டு நிற்கும். மயிலாத்தாள் அதனோடு பேசுவாள், "ஏஞ்சாமி, அவ கெடக்கறா போ" என்று. பின்னால் நம்பர் மாட்டிய நானூறு மாடுகள் கேட்டுக்கொண்டு போகும்.

மகன் இதையெல்லாம் பார்த்து, "அப்பா, அம்மாவுக்கு டிப்ரஷன் மாதிரி தெரியுது" என்றான். டாக்டரிடம் கூட்டிப்போனான். அங்கே தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துக் கொடுத்தார்கள். எந்த நாட்டுத் தமிழரோ, சுத்தமான தமிழ். "அம்மா, கடந்த இரண்டு வாரங்களில் தாங்கள் மகிழ்ச்சியாக உணர்ந்தீர்களா?" என்றது குரல். மயிலாத்தாள் என்னைப் பார்த்தாள். "நியூஸ் வாசிக்கறவரு மாதிரி பேசறாருங்க" என்றாள் மெதுவாக. பிறகு போனில், "நல்லாருக்கறனுங்க. நீங்க எந்த ஊருங்க? சாப்டாச்சுங்களா?" என்றாள். மொழிபெயர்ப்பாளரை அந்த வேலையில் யாரும் அதுவரை அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். பிறகு அவர் ஆங்கிலத்தில் "அவர் நலமாக இருப்பதாகச் சொல்கிறார்" என்று முடித்தார். டாக்டர் எழுதிக்கொண்டார்.

மகிழ்ச்சி என்கிற சொல்லை நாங்கள் வீட்டில் பேசியதே இல்லை. அது கல்யாணப் பத்திரிகையிலும் ஆண்டு விழா மேடையிலும் இருக்கிற சொல். இங்கே பிறந்த என் பேத்தி அனன்யா தினமும் நாலைந்து முறையாவது 'ஹாப்பி', 'நாட் ஹாப்பி' என்கிறாள். பல் துலக்குகிற பிரஷ் நிறம் பிடிக்காவிட்டாலும் 'நாட் ஹாப்பி'தான். சின்னதில் தாத்தாவான என்னை எங்கள் வழக்கப்படி "அப்பாரு" என்று கூப்பிட்டு மடியில் ஏறியவள், இப்போது கடந்து போகையில் ஒரு கையை மட்டும் ஆட்டுகிறாள். அவளுக்கு அந்தச் சொல் இருக்கிறது. எங்களுக்கு இல்லை. இல்லாத சொல்லை இத்தனை வயதுக்கு மேல் தேடுவானேன் என்றுதான் இருந்தேன்.

4

போன மழைக்காலத்தில் ருக்குமணி சொன்னாள்.

"மூணையும் வித்துப் போடலாம்னு இருக்கறேன்க்கா. முட்டி ஒத்துக்க மாட்டீங்குது. நீ வந்தீன்னா வெச்சுக்கலாம். ஆளுக்கு ஒண்ணரை மாடு."

"ஒண்ணரை மாட்டை எப்படிடி கறப்பே? முன்பாதி எனக்கு, பின்பாதி உனக்கா?"

"பின்பாதி நீ எடுத்துக்கோ. ஒதை வாங்கிச் சலிச்சுப் போச்சு."

மயிலாத்தாள் சத்தமாகச் சிரித்தாள். வேலியில் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நான் ஜன்னலுக்குள் உட்கார்ந்து பார்த்தேன். அப்படிச் சிரித்து அந்த ஆண்டில் நான் பார்த்தது அது ஒன்றுதான்.

அடுத்த முறை இயந்திரத்தில் என்னை மாட்டிவிட்டு, குழாய்களுக்குப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டே கேட்டாள். "ஏனுங்க, ஒரு ரெண்டு மாசம் ஊருக்குப் போய்ட்டு வரட்டுங்களா?"

நான் கூடப் போக முடியாது. என் இதயம் முப்பது சதவீதத்துக்கும் கீழேதான் வேலை செய்கிறது. கடைசியாக ஊருக்குப் போயிருந்தபோது பாலக்காட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு டயாலிசிசுக்காகக் கோயம்புத்தூர் போகும் வழியில், வாளையார் சோதனைச்சாவடியில் லாரி வரிசைக்கு நடுவே மூச்சு முட்டி நான் நீலமாகிப் போனதை மயிலாத்தாள்தான் பார்த்தாள். அதற்குப் பிறகு விமானமே ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எனவே கேள்வி அவள் தனியாகப் போவதைப் பற்றியது.

"ஆஸ்பத்திரியில கேட்டுப் பாக்கறேன்" என்றேன். முடியாது என்பார்கள் என்ற தைரியத்தில் சொன்னேன். அவர்களோ, அந்த இரண்டு மாதமும் ஆஸ்பத்திரியிலேயே எனக்கு ஒரு நாற்காலி ஒதுக்குகிறோம், அழைத்துப் போக வண்டியும் வரும், உங்கள் மனைவிக்கு ஓய்வு அவசியம் என்று அன்பாகப் பதில் எழுதினார்கள். மகன் டிக்கெட் பார்க்கிறேன் என்றான்.

அதற்குப் பிறகு நான் வேறு தடைகளைத் தேடினேன். இப்போது அங்கே மழை என்றேன். உனக்குப் பிரஷர் என்றேன். களத்தில் பாம்பு நடமாட்டம் என்றேன்.

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிப் போடுங்க. எதுக்கு மழையையும் பாம்பையும் சாட்சிக்குக் கூப்புடறீங்க?" என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போ என்று சொல்லவும் வரவில்லை. இரண்டு மாதம் என்பது பேச்சுக்குத்தான். அவளுக்கு எழுபத்தொரு வயது. அந்த மூன்று மாடுகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாளானால் திரும்பி எழுந்து இங்கே வரமாட்டாள். அது எனக்குத் தெரியும். பேச்சில் இருவரும் அதைச் சுற்றிக்கொண்டு போனோம், வழியில் கிடக்கும் மாட்டைச் சுற்றிக்கொண்டு போவதுபோல.

கடைசியில் அவளே சொன்னாள். "அம்மங்கிட்டப் பூ கேட்டுப் பாத்தர்லாமுங்க. அவ சொல்றபடி ஆவட்டும்."

5

பூ கேட்பது எங்கள் பக்கத்தில் இன்றும் உண்டு. கிணறு வெட்ட, பெண் எடுக்க, ஆபரேஷன் செய்துகொள்ள, எதற்கும் கேட்பார்கள். ஒரு வெள்ளரளி, ஒரு செவ்வரளி. இரண்டையும் தனித்தனியாக வாழையிலையில் மடித்து நார் போட்டுப் பொட்டலம் கட்ட வேண்டும். கட்டுவது கேட்கிற வீட்டாரின் வேலை. பூசாரி வாங்கிக் குலுக்கி அம்மன் காலடியில் போடுவார். காரியத்துக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் வேண்டாம் என்று அர்த்தம். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரித்துப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அம்மனைச் சோதித்ததாகும். அப்படியே வாய்க்காலில் விட்டுவிடுவார்கள்.

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று பாடம் நடத்துகிறபோது காசுக்குப் பதிலாக இந்தப் பூவைத்தான் உதாரணம் சொல்வேன். பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். ஆனாலும் மயிலாத்தாள் பூ என்றதும் எனக்குப் பெரிய பாரம் இறங்கினது போலிருந்தது. நான் சொல்ல வேண்டியதில்லை. அவளும் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மீனாட்சிபுரத்து மாகாளியம்மன் கோயிலிலிருந்து ருக்குமணி கூப்பிட்டாள். போனைத் தேங்காய்க் கூடையின் மேல் சாய்த்து வைத்தாள். பூசாரியின் கையும், அம்மனின் காலிலிருந்த வெள்ளிக் கவசமும், இரண்டு பச்சைப் பொட்டலங்களும் தெரிந்தன. கும்பிட வந்த யாரோ ஒரு அம்மாளைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். அந்தம்மாள் "எதுக்குங்க கேக்கறீங்க?" என்றாள். ருக்குமணி, "எங்கக்கா ஊருக்கு வர்றதுக்குங்க" என்றாள். "அடடே, வெள்ளையாவே வரட்டும்" என்று சொல்லிக்கொண்டே அந்தம்மாள் குனிந்தாள்.

நான் மனசுக்குள், சிவப்பு வரட்டும் என்றேன். நம்பிக்கையில்லாத அம்மனிடம் வேண்டினேன். எழுபத்தெட்டு வயதில், ஒரு லிட்டர் தண்ணீரில் பிழைத்துக் கிடக்கிற எனக்கு, உலகத்தில் அந்த நேரத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

நார் அவிழ்ந்தது. செவ்வரளி.

"ஐயோ" என்றாள் அந்த முன்பின் தெரியாத அம்மாள்.

மயிலாத்தாள் கும்பிட்டாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சரி தாயி" என்றாள். போனை அணைத்துவிட்டு அரிசி களையப் போனாள். முகத்தில் ஒன்றும் இல்லை. எனக்கு அன்று வயிறு நிறையச் சாப்பிட முடிந்தது. சாயங்காலமே ஆஸ்பத்திரிக்கு எழுதினேன்: நாற்காலி தேவைப்படாது, நன்றி.

6

அதற்குப் பிறகு அவள் வேலியோரம் போவது குறைந்தது. முழங்கால் வலி என்றாள். ருக்குமணியின் போன் வந்தால் எடுத்துப் பேசுவாள், சீக்கிரம் முடித்துவிடுவாள். ஜூடியின் கூட்டத்துக்கு என்னோடு வந்து பிஸ்கட் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். என் ஊசிகளில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

ருக்குமணியின் மாடுகள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியாகச் செவலை போன நாளில் ருக்குமணி வீடியோவில் காட்டினாள். வியாபாரி வண்டியில் பலகையைச் சாய்த்து வைத்திருந்தார். செவலை பலகையில் முன்னங்காலை வைத்துவிட்டு நின்றுகொண்டது.

"கயித்தக் குடுத்துப் போடாதே ருக்கு. கயித்த நீ அவுத்து வெச்சுக்கோ, அவங்க கயிறு அவங்க கொண்டு வரட்டும்" என்று மயிலாத்தாள் கத்தினாள். மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் கட்டுத்தறி மறுபடி நிறையாது என்பது எங்கள் வழக்கம்.

"இனி எந்த மாட்டைக் கட்டப் போறேன்க்கா, கயித்த வெச்சு?" என்றாள் ருக்குமணி.

ஆனாலும் அவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

இது நடந்து சில நாள் கழித்து அவள் என் போனில் கூப்பிட்டாள். வழக்கமில்லாத வழக்கம். கொழுந்தியாள் என்னிடம் நேராகப் பேசுவது சாவுச் செய்திக்குத்தான்.

"மாமா, அக்கா பக்கத்துல இருக்கறாளா?"

"குளிக்கறா. என்ன ருக்கு, யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்லீங் மாமா. வெறுந்தறியப் பாக்கவே முடியலீங். அவ கெடக்கறான்னு நானாச்சும் ஒண்ணுல வெள்ளை வெச்சுக் கட்டியிருக்கோணும். அவ பேச்சக் கேட்டுப் போட்டேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "ஒண்ணுல வெள்ளை வெக்காம என்ன வெச்சே?"

"ஒண்ணுமில்லீங் மாமா. நான் போனை வெக்கறேன்."

"ருக்கு, ரெண்டு பொட்டலத்துலயும் என்ன இருந்துச்சு?"

"செவப்புங் மாமா." அழுதாள். "அக்காதான் சொன்னா. மொத நாளே கூப்புட்டு, ரெண்டுலயும் செவ்வரளியே வெச்சுக் கட்டுடீன்னா. எதுக்குக்கா, வேண்டாம்னா வல்லைன்னு சொல்லீட்டுப் போவியா, அம்மங்கிட்டயா வெளையாடுவேன்னு கேட்டேன். அதுக்கு அவ, நான் உங்களுக்காவ இருக்கறேன்னு வாயில சொன்னா அந்த மனுசன் ஒவ்வொரு ஊசிக்கும் கணக்கு வெச்சுக்கிட்டு நோவாரு, அம்மனே வேண்டாம்னுட்டான்னா மனசு ஆறிக்குவாருன்னா. எங்கிட்ட இந்தப் பாவத்தக் கட்டி உட்டுட்டா மாமா. நீங்க கேட்டதாக் காட்டிக்காதீங்க."

குளியலறையில் தண்ணீர் நின்றது. போனை அணைத்தேன்.

7

எந்த வாழ்க்கை நிறைவானது என்று ஜூடி கேட்டாள் அல்லவா. அதற்கு உண்டான விடையை ஒரு வாரமாக மனசில் போட்டுப் பார்க்கிறேன். என் கணக்கு எங்கேயும் முடியவில்லை. எனக்கு உயிர் இருக்கிறது. அது நன்றாக இருக்கிறதா என்றால், இல்லை. தாகம், அரிப்பு, கால் வீக்கம், காரணமில்லாத கோபம். இப்படிப்பட்ட ஒன்றைக் காப்பாற்றி வைப்பதற்கு, நன்றாக இருந்திருக்கக்கூடிய ஒரு வாழ்க்கை செலவாகியிருக்கிறது. காலையில் எழுந்து மடி கழுவி, தங்கையோடு சண்டை பிடித்து, சொசைட்டி வரைக்கும் வாய் பேசிக்கொண்டு நடந்து போகிற வாழ்க்கை. பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அது கேட்டால் கிடைக்கிற தூரத்தில் இருந்தது. விலக்கி வைத்தவள் அவள். அதைத் தின்றுகொண்டிருக்கிறவன் நான். நானும் நிறையவில்லை, அவளும் நிறையவில்லை. இதற்கு எந்த ஊரில் போய் விடை கேட்பது?

அவளிடம் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதைத்தானே அவளும் விரும்பினாள். நான் மனசாறிக் கிடக்க வேண்டும் என்று. ஆனால் ருக்கு பேசிய மறுநாள் காலையில் கண் திறக்காமல் படுத்திருந்தபோது அவள் விரல் வந்து கையில் நின்றது. வழக்கம்போல உறுமலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். எனக்குப் பொறுக்கவில்லை.

அன்றைக்கு ஊசி நாள். நாற்காலியில் சாய்ந்து இடக்கையை நீட்டினேன். அவள் பஞ்சால் துடைத்தாள்.

"ரெண்டும் செவப்புன்னு ருக்கு சொல்லீட்டா" என்றேன்.

துடைத்த கை நின்றது. பிறகு பஞ்சைக் குப்பையில் போட்டாள். "அவ வாயில ஒண்ணு தங்காது" என்றாள்.

"எதுக்கு அப்படிச் செஞ்சே? ஒண்ணு வெள்ளை ஒண்ணு செவப்பு வெச்சிருந்தாலும் பாதிக்குப் பாதி செவப்பே வந்திருக்கும்."

"வெள்ளை வந்திருந்தா?"

"போயிருப்பே."

"அதுக்குத்தானுங்க." ஊசியின் மூடியைத் திருகிக் கழற்றினாள். "நெசமாக் கேட்டு, அவ போன்னு சொல்லிட்டா, நான் போயே ஆகோணும். போனா வரமாட்டனுங்க. எனக்குத் தெரியும். கேக்கவே பயமா இருந்துச்சு."

இதை அவள் அழாமல், என்னைப் பார்க்காமல், வெளிச்சத்துக்கு ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"இப்பக் கேக்கலாம் மயிலா" என்றேன். "நாயமா. ஒண்ணு வெள்ளை, ஒண்ணு செவப்பு. ஆஸ்பத்திரியில நாற்காலி குடுப்பாங்க. மாடு போனாப் போகுது, வேற வாங்கலாம். வெள்ளை வந்தா நீ போ. நான் சமாளிச்சுக்கறேன். நெசமாத்தான் சொல்றேன்."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தாள்.

"பேச்செல்லாம் செரிதானுங்க" என்றாள். "மொதல்ல என்ற கையை உடுங்க. உட்டாத்தான ஊசி குத்த முடியும்?"

குனிந்து பார்த்தேன். என் வலக்கை அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. விரல் பட்ட இடம் வெளுத்திருந்தது. அவள் இழுக்கவில்லை, இன்னொரு கையில் ஊசியோடு அப்படியே நின்றாள்.

விடத்தான் பார்த்தேன்.